பழைய மாஸ்டடான் சர்வர்: இருந்த இடத்திலேயே ஏற்றுவதா, புது மெஷினா, டாக்கரா?

2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் கைமாறியபோது, நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து சொந்தமாக மாஸ்டடான் (ட்விட்டர் போன்ற, யாரும் சொந்த சர்வரில் நடத்தக்கூடிய கட்டற்ற சமூக ஊடக மென்பொருள்) சர்வர் தொடங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒரு வாடகை சர்வர், அதில் உபுண்டு 20.04, கிட்டிலிருந்து (நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) இறக்கிய மூல நிரல், அங்கேயே கம்பைல் செய்த ரூபி (மாஸ்டடான் எழுதப்பட்ட மொழி). ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து ஓடவைத்தாயிற்று. அப்புறம் வேலை, குடும்பம் என்று நாள் ஓடியதில் பல சர்வர்கள் 4.1இலோ 4.2இலோ அப்படியே நின்றுவிட்டன. அப்படி ஒரு சர்வரை வைத்திருக்கும் மூன்று பேர் சமீபத்தில் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இருப்பதிலேயே அப்டேட் செய்யலாமா, புது மெஷின் எடுக்கலாமா, டாக்கருக்கு (ஏற்கெனவே கட்டிவைத்த இமேஜ்களை இறக்கி மென்பொருளை ஓட்டும் முறை) மாறலாமா, காசு கொடுத்து யாரிடமாவது ஒப்படைத்துவிடலாமா?

நானும் அறுபது பேர் இருக்கும் ஒரு சின்ன சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த நான்கில் மூன்றை என் கையால் செய்திருக்கிறேன். நான்காவதை ஒரு நண்பருக்காகக் கூட இருந்து முடித்துக் கொடுத்தேன். மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றாக இல்லை. ஏன் வேறுபட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு, எதுவும் செய்யாமல் விடுவது. அதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. 2023 ஜூலையில் 4.1.3 வந்தது. மொசில்லா கேட்டுக்கொண்டதன் பேரில் க்யூர்53 நிறுவனம் நடத்திய பாதுகாப்புச் சோதனையில் கிடைத்த ஓட்டைகளை அது அடைத்தது. அவற்றில் ஒன்று, தந்திரமாகத் தயாரித்த ஒரு மீடியா கோப்பைக் கொண்டு சர்வரில் விரும்பிய இடத்தில் கோப்புகளை எழுத வழிவிட்டது. 2024 பிப்ரவரி 1 அன்று 4.2.5 வந்தது. வெளி சர்வரில் இருக்கும் எந்தக் கணக்கையும் போல வேடமிட்டு அதைக் கைப்பற்ற வழிவிட்ட ஓட்டையை அது அடைத்தது. ஓட்டையின் தீவிரம் 10க்கு 9.4. நிர்வாகிகள் அப்டேட் செய்ய அவகாசம் வேண்டும் என்று அதன் விவரங்களை மாஸ்டடான் குழு பிப்ரவரி 15 வரை வெளியிடாமல் வைத்திருந்தது. இரண்டு வாரம்தான் கிடைத்தது. நம்மை நம்பிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு நாம் தர வேண்டியதில் முதலாவது இந்த அப்டேட்.

## எதை வைத்து எடைபோடுவது

இப்போது எங்கே நிற்கிறீர்கள். மாஸ்டடானின் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குக் கீழே இருக்கும் ஓஎஸ், போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), ரூபி, நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) ஆகியவற்றையும் பாருங்கள். 2024 அக்டோபரில் வந்த 4.3க்கு ரூபி 3.1, போஸ்ட்கிரெஸ் 12, நோட் 18 குறைந்தபட்சம் வேண்டும். 2025 ஜூலையில் வந்த 4.4க்கு ரூபி 3.2, போஸ்ட்கிரெஸ் 13, நோட் 20. உபுண்டு 20.04 தன்னோடு கொடுப்பது போஸ்ட்கிரெஸ் 12. அதாவது அந்த ஓஎஸ்ஸில் வந்ததை வந்தபடி வைத்திருந்தால் 4.3 வரை போகலாம், 4.4க்குப் போக முடியாது. அந்த உபுண்டுவுக்கு வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. உங்கள் பிரச்சினை மாஸ்டடானா, அதன் கீழே இருக்கும் தரையா என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

திரும்பி வரும் வழி. எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். நிரலைப் பழைய பதிப்புக்குத் திருப்ப ஒரு கட்டளை போதும். டேட்டாபேஸ் அப்படித் திரும்பாது. ஒவ்வொரு பதிப்பும் டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன்களோடு வருகிறது. டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு பழைய நெடுவரிசையை நீக்கும் மைக்ரேஷன் ஓடி முடிந்த பிறகு பழைய நிரலை வைத்தால் அது தடுமாறும். அப்போது பேக்கப்பை ரீஸ்டோர் செய்வது ஒன்றே வழி.

அந்த ரீஸ்டோருக்கு ஒரு விலை இருக்கிறது. தனியாக ஓடும் ஒரு வலைத்தளம் என்றால் நேற்றைய நிலைக்குப் போவதில் இழப்பு உங்களோடு முடிந்துவிடும். மாஸ்டடான் வெளி சர்வர்களோடு பேசிக்கொண்டே இருப்பது. பேக்கப் எடுத்த பிறகு உங்கள் ஆட்கள் போட்ட பதிவுகள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் சர்வரில் மட்டும் இருக்காது. அந்த இடைவெளியில் வெளியிலிருந்து வந்தவற்றை யாரும் மறுபடி அனுப்பப்போவதில்லை. இடையில் புதிதாக ஒருவர் கணக்குத் தொடங்கியிருந்தால் இன்னும் சிக்கல். அவர் அதே பெயரில் மறுபடி பதிவு செய்யும்போது கணக்குக்கான கையொப்பச் சாவி புதிதாக உருவாகும். வெளி சர்வர்கள் பழைய சாவியை நினைவில் வைத்திருப்பதால் அவருடைய பதிவுகளை நம்ப மறுக்கலாம். அதனால் பேக்கப்புக்கும் அப்டேட்டுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

எவ்வளவு நேரம் நிற்கலாம். சிறு சர்வர்களில் இதற்கு நாம் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம் என்று நினைக்கிறேன். உங்கள் சர்வர் சில மணி நேரம் பதில் சொல்லாவிட்டால் வெளி சர்வர்கள் விட்டு விட்டு மறுபடி அனுப்பிப் பார்க்கும். அரை நாள் நிறுத்தத்தால் பதிவுகள் பெரிதாகத் தொலைவதில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டால் ஆட்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

மெஷினின் நினைவகமும் இடமும். மூல நிரலிலிருந்து கட்டும்போது இதுதான் எதிர்பாராமல் தாக்குவது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் சொந்தத் திருத்தங்கள். மூல நிரலிலிருந்து நிறுவியவர்களில் பலர் எதையாவது மாற்றியிருப்பார்கள். எங்கள் சர்வரில் தமிழில் நீளமாக எழுதுகிறவர்கள் இருப்பதால் 500 எழுத்து எல்லையை உயர்த்தி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அப்டேட்டிலும் இந்தத் திருத்தத்தை யாராவது கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்த அவசரம். இன்றைய அப்டேட் ஒரு நாள் வேலை. அடுத்த பாதுகாப்புப் பதிப்பு ஒரு வியாழக்கிழமை மாலையில் வரும். அன்று எவ்வளவு நேரத்தில் போட முடியும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

| வழி | நிறுத்தம் | திரும்பும் வழி | சொந்தத் திருத்தம் | அடுத்த அவசர அப்டேட் |
|---|---|---|---|---|
| அதே மெஷினில் ஏற்றுவது | நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் | கடைசி மைக்ரேஷனுக்குப் பின் பேக்கப் ரீஸ்டோர் மட்டும் | எளிது | அரை மணி, கட்டும் நேரம் சேர்த்து |
| புது மெஷின் | சில மணி நேரம் | பழைய மெஷின் அப்படியே இருக்கும் | எளிது | முதல் வழியைப் போலவே |
| டாக்கர் | சில மணி நேரம் | பேக்கப் ரீஸ்டோர் | கடினம் | சில நிமிடங்கள் |
| ஒப்படைப்பது | அவர்கள் கையில் | அவர்கள் கையில் | பெரும்பாலும் இல்லை | உங்கள் வேலை அல்ல |

## அதே மெஷினில், அதே இடத்தில்

வேலையின் வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாஸ்டடான் பயனராக உள்ளே போய், கிட்டில் புதிய டேக்கை (பதிப்பின் அடையாளப் பெயர்) எடுத்து, தேவைப்பட்டால் புதிய ரூபியை ஆர்பிஎன்வ் (ரூபி பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) கொண்டு கட்டி, தேவையான நூலகங்களை இறக்கும் பண்டில் இன்ஸ்டால், யார்ன் இன்ஸ்டால், முதல் கட்ட மைக்ரேஷன், இணையப் பக்கத்துக்கான கோப்புகளைக் கட்டும் அசெட்ஸ் பிரிகம்பைல், சேவைகளை ரீஸ்டார்ட் செய்வது, கடைசியில் இரண்டாம் கட்ட மைக்ரேஷன்.

இந்த இரண்டு கட்டத்தைப் பலர் சரியாகக் கவனிப்பதில்லை. மைக்ரேஷனை ஏன் இரண்டு தடவை ஓட்டச் சொல்கிறார்கள்? முதல் கட்டம் புதியவற்றைச் சேர்க்கிறது. அது ஓடும்போது பழைய நிரலும் தொடர்ந்து வேலை செய்யும்படி எழுதப்படுகிறது, சர்வரை நிறுத்தாமலே அப்டேட் செய்ய வேண்டும் என்பதற்காக. பழையதைத் துடைக்கும் வேலை இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. ஆகவே முதல் கட்டம் முடிந்து, ரீஸ்டார்ட் செய்து, ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் பழைய டேக்குக்கே திரும்பிவிடலாம். இரண்டாம் கட்டத்தை ஓட்டிய பிறகு அது முடியாது. அதனால் முதல் கட்டத்துக்குப் பிறகு உடனே அடுத்த கட்டளையைத் தட்டாமல் ஒரு மணி நேரமாவது பாருங்கள். பதிவு போகிறதா, படம் ஏறுகிறதா, சைட்கிக் (பின்னணி வேலைகளைச் செய்யும் பகுதி) வரிசை நகர்கிறதா, வெளியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்த்த பிறகு கதவை மூடலாம்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது நினைவகம். அசெட்ஸ் பிரிகம்பைல் செய்யும்போது நோட் எடுத்துக்கொள்ளும் மெமரி, சர்வர் சாதாரணமாக ஓடத் தேவைப்படுவதைவிட அதிகம். 2 ஜிபி மெஷினில், பின்னால் போஸ்ட்கிரெஸ்ஸும் சைட்கிக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் தொடங்கினால், பாதியில் கெர்னல் ஏதாவது ஒரு புரோசஸைக் கொன்றுவிடும். நோட் செத்தால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் செத்தால் அப்போதைக்கு எல்லாமே நிற்கும். 2 முதல் 4 ஜிபி வரை ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) வைத்துவிட்டு, கட்டும் நேரத்துக்குச் சைட்கிக்கை நிறுத்திவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, இடையில் இருக்கும் பதிப்புகளின் குறிப்புகள். 4.1இலிருந்து 4.4க்கு ஒரேயடியாகப் போகலாம், ஆனால் 4.2, 4.3 இரண்டின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படித்தாக வேண்டும். 4.3இல் டேட்டாபேஸில் சில விவரங்களை என்க்ரிப்ட் செய்ய மூன்று புதிய சாவிகள் தேவை என்று ஆனது. அவற்றை உருவாக்கி, டாட் என்வ் புரொடக்‌ஷன் கோப்பில் (சர்வரின் அமைப்புகளும் சாவிகளும் இருக்கும் இடம்) சேர்க்காவிட்டால் மாஸ்டடான் எழுந்திருக்காது. அந்தச் சாவிகளைப் பிறகு மாற்றவும் கூடாது. 4.4இன் குறிப்பை மட்டும் படித்துவிட்டு உட்காருகிறவர் இந்த இடத்தில் வந்து நிற்பார்.

சொந்தத் திருத்தம் இருந்தால், திருத்திய கோப்பை அப்படியே விட்டுவிட்டுப் புதிய டேக்குக்குப் போக முயன்றால் கிட் மறுக்கலாம். திருத்தத்தைத் தனிக் கிளையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் புதிய டேக்கின் மேல் ரீபேஸ் செய்வதுதான் (மறுபடி பொருத்துவதுதான்) சுத்தமான முறை. இன்னொன்றும் மறக்கக் கூடாது. மாஸ்டடான் ஏஜிபிஎல் 3 உரிமத்தில் வருவது. நிரலைத் திருத்தி மற்றவர்களுக்குச் சேவை தந்தால், திருத்திய மூல நிரலைப் பயனர்கள் எடுத்துக்கொள்ள வழி தர வேண்டும். உங்கள் கிளையை எங்காவது பொதுவில் வைத்து, தளத்தின் அடியில் இருக்கும் மூல நிரல் இணைப்பை அதற்குத் திருப்பிவிடுங்கள். கட்டற்ற மென்பொருளை எடுத்துப் பயன்படுத்துகிற நாம் அதைத் திருப்பித் தரும் இடம் அது. சின்னத் திருத்தம்தானே என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த வழி யாருக்கு? ஓஎஸ் இன்னும் ஆதரவில் இருந்து, போஸ்ட்கிரெஸ்ஸும் போதுமான பதிப்பாக இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதுவே சரி. உபுண்டு 22.04 தருவது போஸ்ட்கிரெஸ் 14, டெபியன் 12 தருவது 15. இவற்றில் இருப்பவர்களுக்கு அடுத்த ஒரு அப்டேட்டுக்காக வீட்டையே மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

ஓஎஸ் பழையதாகிவிட்டது, அதையும் அங்கேயே ஏற்றிவிடலாமே என்று கேட்கிறவர்களுக்குத்தான் நான் தயங்குவேன். உபுண்டு 20.04இலிருந்து 22.04க்குப் போனதும் ஓபன்எஸ்எஸ்எல் (என்க்ரிப்ஷன் நூலகம்) 1.1 போய் 3 வரும், ஐசியு (யூனிகோடு) நூலகத்தின் எண்ணும் மாறும். பழைய ஓஎஸ்ஸில் கம்பைல் செய்த ரூபியும், சார்லாக் ஹோம்ஸ் போன்ற ஜெம்களும் (ரூபி நூலகங்கள்) அந்தப் பழைய நூலகங்களைத் தேடிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும், அதுவும் சர்வர் கீழே கிடக்கும் நேரத்தில்.

இதைவிட ஆபத்தானது கண்ணுக்கே தெரியாது. போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்தப் பொதுவாக ஓஎஸ்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியை நம்பியிருக்கிறது. ஜிலிப்சி 2.28இல் வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. உபுண்டு 18.04இல் இருந்தது 2.27, 20.04இல் இருப்பது 2.31. டேட்டாபேஸைத் தொடாமல் ஓஎஸ்ஸை மட்டும் ஏற்றியவர்களுக்கு இண்டெக்ஸ்கள் (டேட்டாபேஸின் தேடல் அட்டவணைகள்) பழைய வரிசையிலும், தேடல் புதிய வரிசையிலும் இருந்தன. இருக்கும் கணக்கையே இல்லை என்று நினைத்து அதே பெயரில் இரண்டாவது கணக்கு உருவானது. அது மாஸ்டடான் நிர்வாகிகள் பலரைத் தொட்டதால்தான் இரட்டைகளைத் தேடிச் சரிசெய்ய டூட்சிடிஎல்லில் (மாஸ்டடானின் நிர்வாகக் கட்டளைக் கருவி) தனிக் கட்டளையே இருக்கிறது. 18.04இல் தொடங்கி இப்படி ஏறி வந்த சர்வர் உங்களுடையது என்றால், மேலே போகும் முன் இண்டெக்ஸ்களைச் சோதித்துவிடுங்கள்.

## புது மெஷின் எடுத்து மாறுவது

இங்கே புதிய ஓஎஸ்ஸில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டுகிறீர்கள். பழைய சர்வர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் தயாரானதும் ஒரு மாலையில் பழையதை நிறுத்தி, டேட்டாபேஸை டம்ப் எடுத்து (முழு நகலாக ஒரு கோப்பில் இறக்கி), புதியதில் ரீஸ்டோர் செய்து, மைக்ரேஷன் ஓட்டி, டிஎன்எஸ்ஸை (டொமைன் எந்த மெஷினைக் காட்டுகிறது என்ற பதிவு) திருப்ப வேண்டும். மேலே சொன்ன இண்டெக்ஸ் பிரச்சினை இங்கே வராது. டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்யும்போது இண்டெக்ஸ்கள் புதிய விதிப்படி புதிதாகவே கட்டப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ் 12இலிருந்து 16க்கோ 17க்கோ போவதும் அதே வேலையில் முடிந்துவிடும்.

எனக்கு இந்த வழி பிடித்ததற்குக் காரணம் ஒத்திகை. நேற்றைய டம்ப்பைப் புது மெஷினில் போட்டு, மைக்ரேஷன் ஓட எவ்வளவு நேரமாகிறது, எங்கே தடுக்கிறது என்று எல்லாவற்றையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். ஒத்திகை மெஷினில் சைட்கிக்கை ஓட விடக் கூடாது. அதில் இருப்பது உங்கள் உண்மையான டேட்டாபேஸ், உண்மையான சாவிகள். சைட்கிக் எழுந்தால் அது உங்கள் பெயரில் வெளி உலகத்தோடு பேசத் தொடங்கிவிடும், மின்னஞ்சல்கூட அனுப்பும். நான் ஒத்திகை மெஷினில் வெளியே போகும் இணைப்பையே ஃபயர்வாலில் அடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். உண்மையான மாற்றத்தின்போதும் இரண்டு மெஷினிலும் சைட்கிக் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை நான்கு. டேட்டாபேஸ், டாட் என்வ் புரொடக்‌ஷன் கோப்பு, ஆட்கள் ஏற்றிய மீடியா, ரெடிஸ் (வேலை வரிசைகளும் முகப்பு ஓடைகளும் இருக்கும் சேமிப்பு). ரெடிஸ் போனால் முகப்பு ஓடைகளை டூட்சிடிஎல் கொண்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம், வரிசையில் நின்ற வேலைகள்தான் போகும். டாட் என்வ் கோப்பு அப்படி இல்லை. ஓடிபி சாவி தொலைந்தால் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்தவர்கள் ஆப் தரும் எண்ணைக் கொண்டு உள்ளே வர முடியாது. வேபிட் சாவி மாறினால் புஷ் அறிவிப்புகள் நின்றுபோகும். சில கிலோபைட் கோப்புதான், ஆனால் டேட்டாபேஸுக்கு அடுத்த இடம் அதற்கு.

இந்த வழியின் செலவு, ஒன்றிரண்டு வாரம் இரண்டு மெஷினுக்கும் வாடகை. அதோடு மீடியாவைக் கொண்டுபோகும் நேரம். சின்ன சர்வரிலும் மீடியா ஜிபி கணக்கில் குவிந்திருக்கும், அதில் பெரும்பகுதி வெளி சர்வர்களிலிருந்து வந்து தேங்கியது. கிளம்பும் முன் டூட்சிடிஎல்லின் மீடியா ரிமூவ் கட்டளையை ஓட்டினால், நாள் கணக்கு எதுவும் சொல்லாவிட்டால் அப்படித் தேங்கியதில் 7 நாளுக்கு மேல் பழையதை அது துடைத்துவிடும். மிச்சத்தை ஆர்சிங்க் (மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் கருவி) கொண்டு சர்வர் ஓடும்போதே ஒரு முறை, நிறுத்திய பிறகு ஒரு முறை என இரண்டு தடவையாகக் கொண்டுபோனால் நிறுத்த நேரம் வெகுவாகக் குறையும். டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (மற்றவர்கள் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) முந்தைய நாளே குறைத்து வையுங்கள்.

ஐபி மாறுவதால் வரும் ஒரு சின்னத் தலைவலி மின்னஞ்சல். சர்வரிலிருந்தே நேராக மின்னஞ்சல் அனுப்புகிறவர் என்றால் புதிய ஐபியிலிருந்து போகும் உறுதிப்படுத்தல் மெயில்கள் ஸ்பேமில் விழலாம். வெளிச் சேவை வழியாக அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

திரும்பும் வழியைப் பொறுத்தவரை நான்கில் இதுதான் சிறந்தது. புதியதில் ஏதோ சரியில்லை என்று முதல் அரை மணியில் தெரிந்தால் டிஎன்எஸ்ஸைப் பழையபடி திருப்பி, பழைய மெஷினை எழுப்பிவிடலாம். அதில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் புதிய மெஷினில் ஆட்கள் பதிவுபோடத் தொடங்கி ஒரு நாள் ஆகிவிட்டால் இந்தக் கதவும் மூடிக்கொள்ளும். அதனால் டிஎன்எஸ் திருப்பிய பின் முதல் ஒரு மணி நேரம் எழுந்து போகாமல் லாக்கைப் பாருங்கள்.

ஓஎஸ் ஆதரவு முடிந்தவர்களுக்கும், இரண்டு பெரிய பதிப்புக்கு மேல் பின்தங்கியவர்களுக்கும் என் பரிந்துரை இதுவே. இதற்கு ஒரு முழு வார இறுதி வேண்டும், அதை ஒதுக்க முடியாத நிலையில் தொடங்காதீர்கள்.

## டாக்கருக்கு மாறுவது

டாக்கரின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ரூபி கட்ட வேண்டாம், நோட் பதிப்பைத் தேட வேண்டாம், அசெட்ஸ் ஏற்கெனவே கட்டப்பட்டே வரும். 2 ஜிபி மெஷின் வைத்திருப்பவருக்கு அது ஒன்றே பெரிய நிம்மதி. அவசர அப்டேட் வந்தால் கம்போஸ் கோப்பில் (எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் பட்டியல்) பதிப்பு எண்ணை மாற்றி, இமேஜை இறக்கி, மைக்ரேஷன் ஓட்டி எழுப்பினால் போதும். 2024 பிப்ரவரி போன்ற நாட்களில் இது உண்மையான ஆதாயம்.

ஆனால் பலர் டாக்கரை அப்டேட் செய்யும் ஒரு வழியாக நினைக்கிறார்கள். அது சர்வரை நடத்தும் முறையையே மாற்றுவது. பின்தங்கிய பதிப்பு ஒரு பிரச்சினை, முறை மாற்றம் இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே இரவில் செய்தால், ஏதாவது உடையும்போது எது உடைத்தது என்று தெரியாது. நான் முதல் முறை இந்தத் தவற்றைச் செய்தேன். படங்கள் வரவில்லை. புதிய பதிப்பின் கோளாறு என்று நினைத்து இரவு இரண்டு மணி வரை வெளியீட்டுக் குறிப்புகளையே துழாவிக்கொண்டிருந்தேன். காரணம் கோப்பு உரிமை. இமேஜுக்குள் மாஸ்டடான் பயனரின் எண் 991. நான் கொண்டுபோய் வைத்த மீடியா கோப்புறை பழைய மெஷினின் பயனர் எண்ணில் இருந்தது. உரிமையை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதுமாக இருந்தது.

டாக்கரில் இன்னும் சில இடங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்கள் யுஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) விதிகளைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்வாலில் அடைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் போஸ்ட்கிரெஸ்ஸையோ ரெடிஸ்ஸையோ உலகத்துக்கே திறந்து வைத்துவிட வாய்ப்பு உண்டு. கம்போஸ் கோப்பில் போர்ட்டை 127.0.0.1 (அந்த மெஷினுக்குள் மட்டும்) உடன் சேர்த்தே எழுதுங்கள்.

போஸ்ட்கிரெஸ் இமேஜின் பெரிய பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் அது எழாது. பழைய டேட்டா கோப்புறையைப் புதிய போஸ்ட்கிரெஸ் படிக்காது, டம்ப்பும் ரீஸ்டோரும் இங்கேயும் தேவை. மாஸ்டடானின் கம்போஸ் கோப்பு எடுத்துக்கொள்வது ஆல்பைன் (ஒரு சிறிய லினக்ஸ்) வகை போஸ்ட்கிரெஸ் இமேஜ். ஆல்பைனில் ஜிலிப்சி கிடையாது, மஸ்ல் என்ற வேறு நூலகம், அதன் வரிசை விதிகள் வேறு. உபுண்டுவில் இருந்த டேட்டா கோப்புறையை நேராக அதற்குள் வைத்தால் முன்பு சொன்ன இண்டெக்ஸ் பிரச்சினைதான். போஸ்ட்கிரெஸ்ஸை மட்டும் மெஷினிலேயே விட்டுவிட்டு, மாஸ்டடானை மட்டும் கண்டெய்னரில் ஓட்டுவது எனக்குப் பிடித்த நடுவழி.

டாக்கரில் இருந்தாலும் குறிப்புகளைப் படிக்காமல் தப்ப முடியாது. 4.3இல் ஸ்ட்ரீமிங் சர்வர் (புதிய பதிவுகளை உடனுக்குடன் காட்டும் பகுதி) தனி இமேஜாகப் பிரிந்தது. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, ஸ்ட்ரீமிங் வரும் இடத்தில் இமேஜின் பெயரையும் மாற்ற வேண்டும்.

கடைசியாக, எங்களைப் போல 500 எழுத்து எல்லையை மாற்றியவர்கள் கவனிக்க வேண்டியது. திருத்தம் வேண்டும் என்றால் நீங்களே இமேஜைக் கட்ட வேண்டும். அதைக் கட்ட மறுபடி நினைவகம், நேரம். டாக்கரில் கிடைத்த பெரிய ஆதாயம் அப்படியே கரைந்துபோகிறது. நான் டாக்கரை முயன்றுவிட்டு மூல நிரலுக்கே திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

சொந்தத் திருத்தம் எதுவும் இல்லாதவர், சின்ன மெஷின் வைத்திருப்பவர், வேறு சேவைகளை ஏற்கெனவே டாக்கரில் நடத்திப் பழகியவர், இந்த மூன்றும் பொருந்தினால் டாக்கர் நல்ல முடிவு. முதலில் இப்போதைய முறையிலேயே பதிப்பை ஏற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து, அதே பதிப்பு எண்ணோடு டாக்கருக்கு மாறுங்கள்.

## காசு கொடுத்து ஒப்படைப்பது

மாஸ்டடானை நடத்திக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் டொமைன் உங்களுடையதாகவே இருக்கும். டம்ப்பையும் சாவிகளையும் மீடியாவையும் கொடுத்தால் ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு. மாஸ்டடானில் டொமைனைப் பிறகு மாற்ற வழியில்லை என்பதால், அது உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பாதுகாப்புப் பதிப்பு வந்தால் எத்தனை மணி நேரத்தில் போடுவார்கள்? வெளியேற நினைத்தால் டேட்டாபேஸும் சாவிகளும் மீடியாவும் முழுதாகக் கைக்கு வருமா? மீடியாவுக்கு எவ்வளவு இடம், தாண்டினால் என்ன கட்டணம்? மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் மூன்றாவது கேள்வியில் அடிபடுவோம்.

இதில் பணமாகத் தெரியாத ஒரு செலவும் இருக்கிறது. மாஸ்டடானில் தனிப்பட்ட முறையில் குறிப்பிட்டு அனுப்பும் பதிவுகள் முனைக்கு முனை என்க்ரிப்ட் செய்யப்பட்டவை அல்ல. டேட்டாபேஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்களால் படிக்க முடியும். இதுவரை அது நீங்கள், உங்கள் ஆட்களுக்கு உங்களைத் தெரியும். இனி இன்னொருவர். அவர்களிடம் சொல்லிவிட்டு மாறுவதுதான் நியாயம். ஒரு வாரம் முன்பே அறிவித்து, விரும்புகிறவர்கள் வேறு சர்வருக்குக் கணக்கை நகர்த்த நேரம் கொடுங்கள்.

அவசரப் பதிப்பு வந்த அன்று ஒரு நாளுக்குள் உட்கார முடியாது என்பது உங்கள் வாழ்க்கையின் நிலை என்றால், இதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

## அந்த மூவருக்கு என்ன சொன்னேன்

முதலாமவர் டெபியன் 12, மாஸ்டடான் 4.2, 4 ஜிபி மெஷின், திருத்தம் எதுவும் இல்லை. அதே இடத்தில் ஏற்றச் சொன்னேன். 4.3, 4.4 குறிப்புகளைப் படித்து, சாவிகளை உருவாக்கி, காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டார். இரண்டாம் கட்ட மைக்ரேஷனை மறுநாள்தான் ஓட்டினார், அது இன்னும் நல்லது.

இரண்டாமவர் உபுண்டு 20.04, போஸ்ட்கிரெஸ் 12, மாஸ்டடான் 4.1, எழுத்து எல்லையில் திருத்தம். டாக்கர்தான் வேண்டும் என்று வந்தவர். புது மெஷினில் மூல நிரலிலிருந்தே கட்டச் சொன்னேன். ஒத்திகையில் அவருடைய பேக்கப் ரீஸ்டோர் ஆகவில்லை. டிஸ்க் நிறைந்துபோனதால் இரண்டு மாதமாக டம்ப் பாதியிலேயே நின்றிருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. பழைய சர்வர் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததால் எதுவும் இழக்கவில்லை. இடத்தைக் காலி செய்து புதிய டம்ப் எடுத்து, அடுத்த சனிக்கிழமை மாறினார்.

மூன்றாமவர் 4.2, உபுண்டு 22.04. தொழில்நுட்பப்படி பார்த்தால் முதல் வழியே போதும். ஆனால் அவர் இப்போது மாதத்தில் பாதி நாள் பயணத்தில் இருக்கிறார், சர்வரில் இருப்பவர்களோ நூற்றுக்கு மேல். முதலில் அதே இடத்தில் ஏற்றிவிடலாம், பிறகு ஒப்படைக்க இடம் தேடலாம் என்று பேசினோம். இரண்டு நிறுவனங்களுக்கு அந்த மூன்று கேள்விகளையும் எழுதியிருக்கிறார். பதில் வந்ததும், தன் சர்வரில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார்.